‘அப்பாவி’ எண்டு எழுதாதீங்கோ பிள்ளை

2018ல் ஒரு மத்தியானம். தென் மாவட்டம் ஒன்றில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில், ஓர் அக்காவின் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனம், முகாம் பிள்ளைகளின் மாலை வகுப்புக்காக என்னை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. மனு எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவள் என்று ஒரு தடவை பேர் வாங்கிவிட்டால், அப்புறம் அந்தத் தெருவின் எல்லாக் காகிதமும் நம் கைக்குத்தான் வரும்.

அக்கா 2006ல் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் படகேறி மண்டபம் வந்தவர். அம்மாவும் தம்பியும் வன்னியிலேயே தங்கிவிட்டார்கள். தம்பி இயக்கத்தில் இருந்தார். 2009 மே மாதம் போர் முடிந்தபோது அவர் கையில் காயம், கட்டுப் போட்டிருந்தது. அம்மாவும் அவரும் வட்டுவாகல் பாலம் கடந்து ராணுவத்தின் பக்கம் வந்தார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மறைந்திருந்தால் அம்மாவுக்கும் ஆபத்து என்று தம்பி தானாகவே போய்ப் பதிந்தார். பேருந்தில் ஏற்றினார்கள். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஐ.நா. செயற்குழுவுக்கு அனுப்ப வேண்டிய மனு அது. ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன்னால் தமிழில் எழுதி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பத்தியில் இப்படி எழுதியிருந்தேன்: ‘இவர் எந்த ஆயுத இயக்கத்துடனும் தொடர்பு இல்லாத அப்பாவி இளைஞர்.’

அக்கா கையை நீட்டி நிறுத்தினார்.

“அதை வெட்டுங்கோ பிள்ளை.”

“எதை அக்கா?”

“அப்பாவி எண்டு எழுதாதீங்கோ. என்ர தம்பி சண்டை பிடிச்சவன். ஏழு வருசம் இயக்கத்தில இருந்தவன். துவக்கைக் கீழ போட்டிட்டு, கையை உயர்த்திக்கொண்டு போனவன். அதைத்தான் எழுத வேணும். அப்பாவி எண்டு எழுதினா, அங்க காணாமப் போனவன் வேற ஆரோ ஒராள். என்ர தம்பி இல்லை.”

எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. நான் அப்படி எழுதியதற்குக் காரணம் இருந்தது. விடுதலைப் புலிகள் இயக்கம் இந்தியாவில் 1992லிருந்து தடை செய்யப்பட்டது. முகாமில் இருப்பவர்கள் அந்தப் பேரை உரக்கச் சொல்லக்கூட யோசிப்பார்கள். அக்காவுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். நான் அந்தச் சொல்லைப் பல வருடமாக யோசிக்காமலே எழுதிவந்தேன்.

2009ல் நான் இளங்கலை மாணவி. சென்னையில் முத்துக்குமார் தீக்குளித்த ஜனவரியில் எங்கள் கல்லூரி வாசலில் நின்று கத்தியது ‘அப்பாவித் தமிழர்களைக் கொல்லாதே’ என்றுதான். 2013ல் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்து தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது சமூகவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விடுதி அறையில் நாங்கள் எழுதிய அட்டைகள் எல்லாவற்றிலும் அந்தச் சொல் இருந்தது. அந்தச் சிறுவனுக்கு வயது 12. அவனைப் பற்றி அந்தச் சொல்லை எழுதியதில் தவறில்லை. ஆனால் அதே நாட்களில், அதே மண்ணில், வெள்ளைக் கொடியோடு போனவர்களைப் பற்றி எங்கள் அட்டையில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் போராளிகள். அவர்களை ‘அப்பாவி’ என்று எழுத முடியாது. எழுத முடியாததால் விட்டுவிட்டோம்.

அக்காவின் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. இளம் தோழர்களிடமும் மாணவர்களிடமும் நான் சொல்ல நினைப்பது இதைத்தான். ஆயுதத்தைக் கீழே போட்டவரைக் கொல்லக்கூடாது என்ற சட்டம், அவர் குற்றமற்றவர் என்பதற்காக வந்த சட்டம் கிடையாது. அவர் நேற்று வரை சுட்டவராக இருக்கலாம். அவர் கையில் ரத்தம் இருக்கலாம். இருந்தாலும் கொல்லக்கூடாது. அந்தச் சட்டத்தின் முழு அர்த்தமே அந்த ‘இருந்தாலும்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களிலும் மூன்றாவது பிரிவு ஒன்றே. அதனால் அதைப் ‘பொதுப் பிரிவு 3’ என்கிறார்கள். ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் ஆயுத மோதலுக்கும் இது பொருந்தும். அரசுப் படைக்கும் பொருந்தும், அரசை எதிர்க்கும் ஆயுதக் குழுவுக்கும் பொருந்தும். சண்டையில் பங்கெடுக்காதவர்கள், ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள், நோயாலோ காயத்தாலோ காவலில் இருப்பதாலோ வேறு எந்தக் காரணத்தாலோ சண்டையிட முடியாமல் போனவர்கள் எல்லோரையும் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும். கொலை, உறுப்புச் சிதைப்பு, சித்திரவதை, பணயம் பிடிப்பது, இழிவுபடுத்துவது, முறையான நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் தண்டனை நிறைவேற்றுவது எல்லாம் எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் தடை. காயம்பட்டவர்களை எடுத்து வந்து மருத்துவம் பார்ப்பது கடமை. இந்த ஒப்பந்தங்களை இந்தியா 1950லும் இலங்கை 1959லும் ஏற்றுக்கொண்டன.

இப்படிச் சண்டையிலிருந்து விலகியவரைப் பிரெஞ்சு மொழியில் ‘ஓர் தெ கொம்பா’ என்பார்கள். சண்டைக்கு வெளியே இருப்பவர் என்று பொருள். யார் அப்படிப்பட்டவர் என்று 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறையின் 41ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எதிரியின் பிடியில் இருப்பவர், சரணடையும் விருப்பத்தைத் தெளிவாகக் காட்டியவர், காயத்தாலோ நோயாலோ நினைவிழந்து அல்லது செயலிழந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவர் என மூன்று வகை. நிபந்தனையும் உண்டு. அவர் தாக்கக் கூடாது, தப்பியோட முயலக் கூடாது. இந்த நெறிமுறையில் இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. அது நாடுகளுக்கு இடையிலான போருக்காக எழுதப்பட்டதும்கூட. ஆனால் சரணடைந்தவரைத் தாக்கக் கூடாது என்ற விதி எந்தக் கையெழுத்தும் தேவைப்படாத வழக்காற்றுச் சட்டம் என்றும், உள்நாட்டுப் போருக்கும் அது பொருந்தும் என்றும் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் 2005ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 1998ஆம் ஆண்டின் ரோம் சட்டம் இதை மீறுவதைப் போர்க்குற்றம் என்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எந்த வரியிலும் ‘அப்பாவி’ என்ற நிபந்தனை இல்லை. விசாரணை கூடாது என்றும் சட்டம் சொல்லவில்லை. சரணடைந்தவரைக் கைது செய்யலாம், வழக்குப் போடலாம், அவர் செய்த குற்றத்துக்கு நீதிமன்றம் தண்டிக்கலாம். உள்நாட்டுப் போரில் பிடிபட்டவருக்குப் போர்க் கைதி என்ற அந்தஸ்துகூடக் கிடையாது. சட்டம் கேட்பது மிகக் குறைவு. உயிரோடு வைத்திரு, அடிக்காதே, மறைக்காதே.

பொதுப் பிரிவு 3ல் இன்னொரு சொல் இருக்கிறது. நம் மக்கள் அதை அடிக்கோடிட்டு வாசிக்க வேண்டும். இனம், நிறம், மதம், பால், பிறப்பு, செல்வம் என்று எதன் அடிப்படையிலும் பாகுபாடு காட்டாமல் நடத்த வேண்டும் என்கிறது அது. பிறப்பு. அந்தச் சொல்லை முதன்முதலில் பார்த்தபோது திரும்பவும் ஒருமுறை வாசித்தேன். பிறப்பை வைத்து ஒருவரின் உடலுக்கு விலை போடுவது என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அந்தச் சொல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் ஒரு சாட்சி. 1863 ஏப்ரலில் லிங்கன் அரசு தன் படைக்கு ஒரு போர் விதித் தொகுப்பு கொடுத்தது. லீபர் விதிகள் என்று பேர். சரணடைந்தவரைக் கொல்லக் கூடாது என்பதோடு, போர்ச் சட்டத்தில் நிற வேறுபாடு கிடையாது என்றும் அதில் எழுதியிருந்தது. ஆனால் எதிரில் நின்ற தெற்கு மாநிலங்களின் படை, கறுப்பினத்தவரைப் படைவீரர் என்று ஏற்கவே இல்லை. அவர்கள் கண்ணில் அவர்கள் கலகம் செய்த அடிமைகள். 1864 ஏப்ரல் 12 அன்று டென்னசியில் பில்லோ கோட்டை வீழ்ந்தபோது உள்ளே ஏறத்தாழ 600 வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கறுப்பினத்தவர். ஆயுதத்தைப் போட்டுவிட்டு உயிர்ப்பிச்சை கேட்டவர்களையும் கொன்றார்கள். ஒரே கோட்டையில் ஒரே சீருடையில் நின்றவர்களில், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் மிக அதிக விகிதத்தில் செத்தார்கள். அந்தப் படையை நடத்திய நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட் அதற்காக ஒருபோதும் தண்டிக்கப்படவில்லை. பின்னாளில் கூ கிளக்ஸ் கிளானின் தலைவரானார்.

சரணடைய வேண்டுமானால் முதலில் எதிரி நம்மை மனிதராகப் பார்க்க வேண்டும். அவர் பார்க்க மறுத்தால், உயர்த்திய கைகூட அவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் மனம் மாறும் வரை காத்திருக்க முடியாது என்பதால்தான் சட்டம் தேவைப்படுகிறது.

முள்ளிவாய்க்காலுக்கு வருகிறேன். 2009 மே 17 இரவிலும் 18 காலையிலும் விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் நடேசனும் சமாதானச் செயலகத்தின் புலித்தேவனும் சரணடைய முயன்றார்கள். பத்திரிகையாளர் மேரி கொல்வின், ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியார் என்று பலர் வழியாகச் செய்தி போனது. வெள்ளைக் கொடியோடு வரச் சொல்லி பதில் வந்தது. அவர்கள் பிணமாகத்தான் கிடைத்தார்கள். இலங்கை அரசு மறுத்தது. 2015ல் வெளியான ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை, அவர்கள் படையினரால் கொல்லப்பட்டிருக்கலாம் என்று நம்ப நியாயமான காரணங்கள் இருப்பதாகச் சொன்னது. இசைப்பிரியாவும் பாலச்சந்திரனும் பிடிபட்ட பிறகு கொல்லப்பட்டதாகவும் அதே அறிக்கை பதிவு செய்தது.

அதே மே 18 அன்று வட்டுவாகலில் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் இருந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். சரணடைந்த போராளிகளோடும் அவர்களின் குடும்பங்களோடும் தானும் பேருந்தில் ஏறினார். ஏறியதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். இறங்கியதைப் பார்த்தவர் எவரும் இல்லை. தன் கணவர் எழிலன் சரணடைந்ததைக் கண்ணால் பார்த்த அனந்தி சசிதரன் ஆட்கொணர்வு மனு போட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார். சரணடைந்தவர்களுக்கு என்ன ஆனது என்று விசாரிக்க வேண்டும் என இலங்கை அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுகூட 2011ல் பரிந்துரைத்தது.

சரணடைந்தவர்கள் எல்லோரையும் கொன்றுவிட்டார்கள் என்று சொல்வதும் உண்மை ஆகாது. சரணடைந்தவர்கள், பிடிபட்டவர்கள் என்று ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். முகாம் அக்கா போன்றவர்களின் நம்பிக்கை சாகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயிரக்கணக்கானவர்களை உயிரோடு வைத்திருக்க அந்த ராணுவத்தால் முடிந்தது. அப்படியென்றால் மற்றவர்கள் எங்கே? 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் சாலையோரம் உட்கார்ந்த தாய்மார்கள் இன்றுவரை கேட்பது இதைத்தான்.

வெள்ளைக் கொடி விவகாரத்தில் தண்டனை பெற்ற ஒரே ஆள் யார் தெரியுமா? போரை நடத்திய ராணுவத் தளபதி சரத் பொன்சேகா. கொன்றதற்காக இல்லை, பேசியதற்காக. சரணடைய வருபவர்களைச் சுடும்படி உத்தரவு போனதாக 2009 டிசம்பரில் ஒரு வாரப் பத்திரிகைப் பேட்டியில் அவர் சொன்னதாக வந்தது. பிறகு அதை மறுத்தும் பார்த்தார். 2011 நவம்பரில் கொழும்பு உயர் நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தது.

கூட்டங்களில் நான் இதையெல்லாம் பேசினால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். இரண்டும் நியாயமான கேள்விகள்.

முதல் கேள்வி: சரணடைவது போல வந்து குண்டை வெடிக்கவைத்தால் என்ன செய்வது? 2009 பிப்ரவரியில் விசுவமடுவில், தப்பி வந்த மக்களைப் பதிவு செய்த இடத்தில் தற்கொலைத் தாக்குதல் நடந்தது உண்மை. படையினரும் மக்களும் செத்தார்கள். இப்படிச் சரணை வேடமாகப் பயன்படுத்துவதைச் சட்டமே துரோகச் செயல் என்று தடை செய்திருக்கிறது. ஏனென்றால் ஒருவர் அப்படிச் செய்தால், அடுத்து உண்மையாகவே கையை உயர்த்தி வருபவரின் உயிர் போகும். அதனால் படையினர் தள்ளி நிற்கவைத்துச் சோதிக்கலாம், சட்டையைக் கழற்றச் சொல்லலாம், கட்டி வைக்கலாம். அக்காவின் தம்பி சோதனை முடிந்து, பேர் எழுதி, பேருந்தில் ஏறியவர். அந்த இடத்தில் இந்தப் பயத்துக்கு வேலை இல்லை. காயம்பட்டவர்களுக்கும் இதே கணக்குதான். மருத்துவமனையில் காயம்பட்ட போராளிகள் படுத்திருக்கிறார்கள் என்பதால் அந்த மருத்துவமனை குண்டு போடத் தகுந்த இடமாகிவிடாது. வன்னியின் மருத்துவமனைகள் திரும்பத் திரும்ப எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானதை 2011ல் ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி: புலிகள் மட்டும் யோக்கியமா? இதற்கு நம் மேடைகளில் நேராகப் பதில் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். 1990 ஜூனில் கிழக்கு மாகாணத்தில் புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். சிங்களவர்களும் முஸ்லிம்களும். ஆயுதத்தை ஒப்படைத்துவிடுங்கள், பத்திரமாக அனுப்பி வைப்பார்கள் என்று நம்பிப் போனவர்கள். அதுவும் பொதுப் பிரிவு 3ன் மீறல்தான். அந்தப் போலீஸ்காரர்களின் மனைவிமாரும் தாய்மாரும் நம் முகாம் அக்காவைப் போலத்தான் இருந்திருப்பார்கள். 1990ஐப் பற்றிப் பேச மறுத்துவிட்டு 2009ஐ மட்டும் பேசினால், நாம் சட்டத்தைப் பேசவில்லை, நம் ஆளுக்காக மட்டும் பேசுகிறோம். 1990ஐக் காட்டி 2009ஐ நியாயப்படுத்துபவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

இது தமிழருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்ற இளம் சிங்களப் பெண்ணைப் படையினர் காவலில் வைத்துச் சித்திரவதை செய்து, தெருவில் நடக்கவிட்டுச் சுட்டார்கள். அதற்காக இரண்டு படையினர் தண்டிக்கப்பட்டார்கள். 1989 நவம்பரில் ஜே.வி.பி.யின் நிறுவனர் ரோகண விஜேவீர பிடிபட்டு, காவலில் இருந்தபோதே கொல்லப்பட்டார். இன்று கொழும்பில் ஆட்சியில் இருக்கும் கூட்டணியின் மையம் அதே ஜே.வி.பி. தங்கள் தலைவர் பிடிபட்ட பின் கொல்லப்பட்டதை மறக்காத ஒரு கட்சிக்கு, வட்டுவாகல் தாய்மாரின் கேள்வி புரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

நம் நாட்டில் ‘என்கவுண்டர்’ என்ற சொல்லைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. செத்தவன் ரவுடி, தீவிரவாதி, மாவோயிஸ்ட் என்று பேர் வைத்தால் போதும், கேள்வி கேட்பவர் சந்தேகத்துக்கு உரியவர் ஆகிவிடுவார். மணிப்பூரில் இப்படிக் கொல்லப்பட்டவர்களின் மனைவிமாரும் தாய்மாரும் 1528 மரணங்களைப் பட்டியலிட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அமைத்த சந்தோஷ் ஹெக்டே ஆணையம் 2013ல் ஆறு சம்பவங்களை விசாரித்தது. ஆறுமே உண்மையான மோதல் இல்லை என்று சொன்னது. 2016 ஜூலையில் வந்த தீர்ப்பு, செத்தவர் சாதாரண மனிதரா தீவிரவாதியா என்பது பொருட்டில்லை, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றது. நம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு ‘எந்த ஒரு நபரும்’ என்றுதான் தொடங்குகிறது. நல்லவர் என்றோ குடிமகன் என்றோ அதில் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் படிக்கும்போது எங்கள் ஊரில் தேர்ப் பாதை விஷயமாக ஊருக்கும் சேரிக்கும் கல்லெறி நடந்தது. என் சித்தப்பா மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எங்கள் அப்பா ஸ்டேஷன் வாசலில் நின்று, “எம்புள்ள ஒன்னும் பண்ணலங்க சார், அவன் அப்பாவிங்க சார்” என்று கும்பிட்டார். அண்ணன் கல்லெறிந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். மூன்று நாள் கழித்து அவன் வந்தபோது வலது கை மடங்கவில்லை. புகார் கொடுக்கலாம் என்று ஒரு வழக்கறிஞர் வந்தார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். “அவன் எறிஞ்சது நிஜந்தானே, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போய் கேக்குறது?” என்றார்.

வழக்கறிஞர் சொன்ன பதில் அப்போது எனக்குப் புரியவில்லை. “கல்லெறிஞ்சதுக்குக் கேஸ் போடட்டும் அண்ணே, ஜெயிலுக்குக்கூட அனுப்பட்டும். கையக் கட்டி உக்கார வச்சு கைய உடைக்கிறதுக்கு எந்தச் சட்டத்துலயும் இடம் இல்ல.” அப்பா போகவே இல்லை. அண்ணனுக்கு இன்றும் அந்தக் கையால் தண்ணிக் குடம் தூக்க முடியாது.

கல்லெறிவதும் போரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. காவல் நிலையத்துக்கு ஜெனீவா ஒப்பந்தம் பொருந்தாது, அங்கே வேறு சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அப்பாவின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லும் நான் மனுவில் எழுதிய அந்தச் சொல்லும் ஒன்றுதான். அடிவாங்கியவர் குற்றமற்றவராக இருந்தால்தான் அழலாம் என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். நாம் எதிர்த்து நின்ற நாளில், கோபப்பட்ட நாளில், கல்லெடுத்த நாளில் நமக்கு நடந்ததைக் கேட்க வாய் வராது. ஒடுக்கப்பட்டவர்கள் எதிர்க்கும்போதுதான் அதிகமாக அடிபடுகிறார்கள். அதே நேரத்தில்தான் ‘அப்பாவி’ என்ற சொல் நம்மைக் கைவிடுகிறது.

அதனால் உண்மை அறியும் குழுவில் போகிற, அறிக்கை எழுதுகிற, சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். காவலில் இருந்தவருக்கு நடந்ததை எழுதும்போது, அவர் எவ்வளவு நல்லவர் என்பதில் ஆரம்பிக்காதீர்கள். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த இடம், அவர் கையில் ஆயுதம் இருந்ததா, எப்போது அது போனது, யார் பிடியில் வந்தார், யார் பார்த்தார்கள், எந்த வண்டி, எங்கே கொண்டுபோனார்கள் என்பதில் ஆரம்பியுங்கள். அவர் முன்னால் என்ன செய்தார் என்பது உண்மையானால் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் வெளியே வந்தால், நடந்த கொலையும் சேர்ந்து பொய்யாகிவிடும். ஆனால் அந்த உண்மை வெளியே வந்தால் குடும்பத்துக்கு ஆபத்து என்றால், முடிவு குடும்பத்துடையது. நம் அறிக்கைக்காக அவர்களை மாட்டிவிட நமக்கு உரிமை இல்லை. எதிர்த்தரப்பில் சரணடைந்தவருக்கு நடந்தாலும் இதே கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். கஷ்டமாக இருக்கும். எனக்கு 1990ஐப் பற்றி எழுதும்போது கஷ்டமாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் அக்காவிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். “இப்படி எழுதினா உங்களுக்குப் பிரச்சனை வரலாம் அக்கா. யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுத்தான் சொல்லுறன். ஒம்பது வருசமா வேற என்ன வேலை எனக்கு?”

பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் பத்தி இப்படி இருந்தது: ‘இவர் ஆயுத இயக்கத்தின் உறுப்பினராக இருந்தவர். 2009 மே 18 அன்று கையில் காயத்துடன், ஆயுதம் இல்லாமல், வட்டுவாகலில் இலங்கை ராணுவத்திடம் சரணடைந்தார். தாயின் கண்முன்னே பேருந்தில் ஏற்றப்பட்டார். அன்றிலிருந்து அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.’

வாசித்துக் காட்டினேன். அக்கா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய், தம்பியின் படத்தை எடுத்து வந்து மனுவோடு வைத்தார். சீருடையில் எடுத்த படம். வேறு படம் இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

மனு போய்ச் சேர்ந்ததற்குக் கடிதம் வந்தது. தம்பியைப் பற்றி இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மே 18 அன்றும் அக்காவுக்குப் போன் செய்கிறேன். “ஏதும் வந்ததோ பிள்ளை?” என்பார். இல்லை அக்கா என்பேன். இந்த வருடமும் அதுதான்.